இடும்பிக்கு யார் சொன்னது?

போன தீபாவளி லீவில் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். மேல் வரிசையில் தலைப்புகள்: அஸ்திரத்தின் பெயர், யார் கொடுத்தது, இப்போது யார் கையில் இருக்கிறது, எத்தனை தடவை விடலாம், எதை வைத்துத் தடுக்கலாம், விடுகிறவனுக்கு என்ன நஷ்டம். ஆபீஸ் வேலை இல்லை. மகாபாரதத்தை வைத்து ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதப்போகிறேன் என்று மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அதற்கு ஒரு அத்தாட்சியாவது இருக்கட்டுமே என்று போட்ட ஷீட்.

ஹீரோ கடோத்கசன், பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். இதைச் சொன்னால் உடனே "கல்யாண சமையல் சாதமா?" என்று சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1957-ல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த மாயாபஜாரில் லட்டெல்லாம் தானாகப் பறந்து எஸ்.வி. ரங்காராவ் வாய்க்குள் போன அந்தக் காட்சிக்கு அப்புறம் நம் ஊரில் கடோத்கசன் என்றால் சாப்பாட்டுராமன் என்று முடிவாகிவிட்டது. இத்தனைக்கும் அபிமன்யு-வத்சலா கல்யாணக் கதையே வியாசரிடம் கிடையாது. ஜனங்கள் வாயில் பிறந்து, நாடக மேடை ஏறி, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தது. அதாவது அதுவும் ஒரு ஃபேண்டஸிதான், நமக்கு அந்தப் பெயர் தெரியாத காலத்திலேயே எடுத்தது.

எனக்கு ஃபேண்டஸிப் பித்து பிடித்தது காலேஜில். புத்தகக் கடைகளில் இதிகாசத்தை மறுபடி எழுதுகிற ஆங்கில நாவல்களுக்கென்று தனி ரேக் போட ஆரம்பித்த காலம் அது. ராமர் லெதர் கவசம் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிற அட்டை, பின்னால் மேகம், மின்னல். கிண்டல் செய்கிறேனே தவிர, ராத்திரி ரயில் பயணங்களில் ஒன்று விடாமல் படித்தவள்தான். ஆனால் ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. காரணம் என்னவென்று அப்போது சொல்லத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துவிடுகிறார்கள். காந்தாரியின் நூறு குடமா, அது ஒரு லேப். பிரம்மாஸ்திரமா, அது அணுகுண்டு. புஷ்பக விமானத்துக்கு எரிபொருள் என்ன என்று ஒரு பக்கம் ஓடும். மாயத்தை நம்புகிறவனுக்கும் போரடிக்கும், விஞ்ஞானம் தெரிந்தவனுக்கும் சிரிப்பு வரும்.

அது கிடக்கட்டும், ஷீட்டுக்கு வருகிறேன்.

ஃபேண்டஸி எழுதுகிறவர்கள் முதலில் ஓதுகிற பாடம், மந்திரத்துக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பது. நினைத்தபோதெல்லாம் நினைத்ததைச் செய்ய முடிந்தால் கதையில் பதற்றம் போய்விடும். சரிதான். மகாபாரதத்தில் அந்தக் கணக்கு இருக்காது, எதற்கு எது பதில் என்று நாம்தான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஒரு நினைப்பில் துரோண பர்வத்தைத் திறந்தேன். கிசாரி மோகன் கங்கூலி 1883-லிருந்து 1896 வரை உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தது. தமிழிலும் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது.

இரண்டு நாளில் ஷீட் நிரம்பிவிட்டது. ஆனால் "எதை வைத்துத் தடுக்கலாம்" என்ற கட்டத்தில் நான் எதிர்பார்த்த மாதிரி எதுவுமே விழவில்லை. அக்னியஸ்திரத்துக்கு வருணாஸ்திரம் என்பதெல்லாம் டிவி சீரியலுக்குச் சரி. அசுவத்தாமன் நாராயணாஸ்திரத்தை விடுகிறானே, அதற்கு என்ன பதில்? ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, தேரையும் யானையையும் விட்டு இறங்கி, சும்மா நிற்க வேண்டும். எதிர்த்தால் பெரிதாகும், பணிந்தால் தணியும். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், பீமன் மட்டும் மாட்டேன் என்று தேரிலேயே நிற்கிறான். கிருஷ்ணனும் அர்ஜுனனும் ஓடிப்போய் அவனைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் "பீமனைப் பிடித்து இழு" என்று டைப் செய்தேன். பகதத்தன் விட்ட வைஷ்ணவாஸ்திரத்துக்கு எதிரே "கிருஷ்ணன் மார்பில் வாங்கினால் மாலை ஆகிவிடும்." கர்ணனுக்குப் பரசுராமர் கொடுத்த அஸ்திரத்துக்கு "வேண்டிய நேரத்தில் மறந்துபோகும்." கடைசியில் அசுவத்தாமன் விடுகிற பிரம்மசிரஸுக்கு ஆயுதமே கிடையாது, ஒரு புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்கிறான். அவனுக்கு விடத் தெரியும், திரும்ப வாங்கத் தெரியாது. அர்ஜுனனுக்குத் திரும்ப வாங்கவும் தெரியும். இதை எந்தக் கட்டத்தில் போடுவது? இவ்வளவு இறுக்கமான கணக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஆனால் அது ஆயுதத்தின் கணக்காக இல்லை, அதைப் பிடித்திருக்கிறவனின் கணக்காக இருக்கிறது.

ஒரே ஒரு வரிசையில்தான் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியது. சக்தி ஆயுதம். கொடுத்தது இந்திரன், கவச குண்டலத்துக்கு மாற்றாக. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், அப்புறம் அது இந்திரனிடமே போய்விடும். இதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு, சுருக்கப் பதிப்புகளில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது: கையில் வேறு ஆயுதம் இருக்கும்போது, உயிருக்கு ஆபத்து வராதபோது அவசரப்பட்டு விட்டால் அது விட்டவன் மேலேயே விழும். கர்ணன் அதை அர்ஜுனனுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறான். தினமும் ராத்திரி துரியோதனனும் சகுனியும் துச்சாதனனும் உட்கார்ந்து, நாளைக்குக் காலையில் அர்ஜுனன் மேல் அதை விட்டுவிடு என்று கர்ணனிடம் சொல்வார்களாம். விடிந்ததும் மறந்துபோகுமாம். நான்தான் அவனை மயக்கிக்கொண்டிருந்தேன், அந்தக் கவலையில் எனக்குத் தூக்கமே இல்லை என்று கிருஷ்ணன் பிறகு சாத்யகியிடம் சொல்கிறார். ராத்திரி எடுத்த முடிவு காலையில் காணாமல் போகிறது. இதை விட நல்ல ஃபேண்டஸி ஐடியா எனக்கு ஆயுசுக்கும் வராது.

கர்ணன் அதை விட்ட, போரின் 14-ம் நாள் ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஜயத்ரதன் செத்து, சூரியன் விழுந்த பிறகும் சண்டை நிற்கவில்லை. யார் யாரை வெட்டுகிறோம் என்றே தெரியாத இருட்டு. துரியோதனன் காலாட்களிடம் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு விளக்கைப் பிடியுங்கள் என்கிறான். தேருக்கு 5 விளக்கு, யானைக்கு 3, குதிரைக்குப் பெரிதாக ஒன்று. இதைப் பார்த்து பாண்டவர் பக்கமும் ஏற்றுகிறார்கள்: யானைக்கு 7, தேருக்கு 10, குதிரைக்கு 2. வியாசர் எண்ணிக்கையோடு சொல்கிறார். கார்த்திகை மாதிரி குருக்ஷேத்திரம் முழுக்க விளக்கு, அந்த வெளிச்சத்தில் நகை மின்னுகிறது, கத்தி மின்னுகிறது. அதற்கு நடுவே கடோத்கசனின் தேர் வருகிறது. இரும்புத் தேர், எட்டுச் சக்கரம், கரடித்தோல் போர்த்தியது. இழுக்கிறது குதிரையும் இல்லை, யானையும் இல்லை, வேறு ஏதோ. கொடிமரத்தின் உச்சியில் ஒரு கழுகு சிறகை விரித்துக் கத்திக்கொண்டிருக்கிறது. என் டிராஃப்ட்டில் நான் அவனுக்கு ஒரு தேர் டிசைன் பண்ணியிருந்தேன், இதைப் படித்ததும் வெட்கமாகப் போய் அழித்துவிட்டேன்.

அர்ஜுனன் கர்ணனை நோக்கிப் போக நினைக்கிறான். இப்போது வேண்டாம் என்று கிருஷ்ணன் தடுத்துவிட்டு கடோத்கசனைக் கூப்பிடுகிறார். ராத்திரியில் அரக்கர்களுக்குப் பலம் கூடும், நீதான் காப்பாற்ற வேண்டும் என்கிறார். உலகம் உள்ளவரைக்கும் பேசுகிற மாதிரி இன்றைக்குச் சண்டை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போகிறான். தன் மகன் அஞ்சனபர்வனை அதே ராத்திரியில்தான் அசுவத்தாமனிடம் பறிகொடுத்திருக்கிறான். யோசித்துப் பாருங்கள், மகன் செத்த ராத்திரியிலேயே அவனை மறுபடி அனுப்புகிறார்கள். கௌரவ சேனை சிதறுகிறது, எல்லோரும் கர்ணனைப் பார்த்து அதை எடு, அதை விடு என்று கத்துகிறார்கள். அவன் விட்டுவிடுகிறான். சாகும்போதும் கடோத்கசன் உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு கௌரவர் பக்கமாக விழுகிறான், ஒரு அக்குரோணி சேனை நசுங்கிப்போகிறது. ஒரு அக்குரோணி என்றால் 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். எக்செலில் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது, 14 நாள் சண்டைக்கு அப்புறம் அவ்வளவு ஆள் ஒரே இடத்தில் எப்படி நின்றார்கள் என்று. விடுங்கள்.

பாண்டவர்கள் அழுகிறார்கள். கிருஷ்ணன் ஆடுகிறார். அர்ஜுனனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காற்றில் ஆடுகிற மரம் மாதிரி ஆடுகிறார். சக்தி போய்விட்டது, இனி உனக்குப் பயமில்லை. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அப்புறம் ஒன்று சொல்கிறார் பாருங்கள், அதை நான் மூன்று தடவை திரும்பப் படித்தேன். கர்ணன் இவனைக் கொல்லாமல் விட்டிருந்தால் நானே கொல்ல வேண்டி வந்திருக்கும், வேள்விக்கும் பிராமணர்களுக்கும் பகைவன், உங்களுக்காகத்தான் இவ்வளவு நாள் விட்டுவைத்தேன் என்கிறார்.

படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

நான் படித்த அந்த மேக-மின்னல் நாவல்களில் இந்த வரி வந்ததாக ஞாபகமே இல்லை. கிருஷ்ணனுக்கு அப்படி ஒரு வரி நல்லதில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் வியாசர் எழுதிவைத்திருக்கிறாரே. கொஞ்சம் தள்ளி தர்மரின் அழுகையும் வருகிறது: காட்டில் நாங்கள் இருந்தபோது சின்னப் பையனாக வந்து உதவினானே, கந்தமாதனத்தில் நடக்க முடியாமல் தவித்த பாஞ்சாலியைச் சுமந்துகொண்டு போனானே, சகாதேவன் மேல் எனக்கு இருக்கும் அன்பைப் போல இரண்டு மடங்கு அவன் மேல் உண்டே என்று. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, யார் சொல்வது சரி என்று வியாசர் வாயே திறப்பதில்லை. அப்புறம் தூக்கக் கலக்கத்தில் தள்ளாடிக்கொண்டே சண்டை, பொறுக்க முடியாமல் அர்ஜுனன் நிலா வரும்வரைக்கும் தூங்குங்கள் என்கிறான், இரண்டு பக்கமும் அவனை வாழ்த்திவிட்டு யானைமேலும் தேர்மேலும் தரையிலும் அப்படியே படுத்துவிடுகிறார்கள்.

இதற்கு மேல் நான் எதைச் சேர்க்க? ஒரு மாதம் எழுதவில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் ஜாவாக்காரர்கள் கடோத்கசனை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அங்கே அவன் சாப்பாட்டுராமன் இல்லை, பறக்கிற சூப்பர் ஹீரோ. கம்பி நரம்பு, இரும்பு எலும்பு என்று அவனுக்கு ஒரு அடைமொழியே உண்டு. இந்தோனேசியா தானே வடிவமைத்த என்-250 பயணிகள் விமானம் 1995 ஆகஸ்ட் 10-ல் பாண்டுங்கில் முதல் தடவை பறந்தது, அதற்கு வைத்த பெயர் இவன் பெயர்தான். 1157-லேயே பாரதப் போரைப் பழைய ஜாவா மொழியில் காவியமாகப் பாடிவிட்டவர்கள், அதனால் அவர்களுக்கு இது ஒன்றும் அந்நியக் கதை இல்லை.

பாவைக்கூத்தில் அவன் பிறப்பை அவர்கள் சொல்கிற விதம் இருக்கிறதே! குழந்தை பிறக்கிறது, தொப்புள்கொடி எதற்கும் அறுபடவில்லை. தெய்வ ஆயுதம் வேண்டும். அர்ஜுனன் வாங்கப் போகிறான், அதற்குள் ஆள்மாறிக் கர்ணன் கைக்குப் போய்விடுகிறது. பிடுங்கிப் பார்த்ததில் அர்ஜுனன் கையோடு வந்தது அதன் உறை மட்டும்தான். சரி, இருப்பதை வைத்து அறுப்போம் என்று உறையால் அறுக்கிறார்கள். கொடி அறுபடுகிறது, உறை குழந்தையின் வயிற்றுக்குள் போய் மறைந்துவிடுகிறது. வருஷங்கள் கழித்துக் குருக்ஷேத்திரத்தில் கர்ணன் விட்ட ஆயுதம் நேராக அந்தத் தொப்புளைத் தேடி வருகிறது. அது கொல்ல வரவில்லை, உறைக்குத் திரும்ப வருகிறது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்படியே திருடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. இவர்கள் அணுகுண்டு, லேப் என்று எந்த விளக்கமும் தேடவில்லை. வியாசர் வைத்த சாவு அப்படியே இருக்கிறது, அதே ஆயுதம், அதே கர்ணன். பிறப்பில் ஒரு முடிச்சைப் போட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த முடிச்சை எங்கே போடுவதென்று தெரியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். விளக்கு, தேர், சக்தி, கிருஷ்ணன் ஆடினது, ஜாவா, எல்லாம். கிருஷ்ணன் சொன்னதற்கு "அவர் அப்படித்தான்" என்றாள், அதோடு அதை முடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டி, அவங்கம்மாகிட்ட யாரு போய்ச் சொன்னா?" என்றாள்.

"எவங்கம்மா?"

"இடும்பிதான். நான் அவ கோயிலுக்குப் போயிருக்கேனே."

மறந்தே போயிருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் டூர் வேன் வைத்து மணாலி போய் வந்தார்கள். தேவதாரு மரங்களுக்கு நடுவே மரத்தாலான கோபுரம், 1553-ல் குலு ராஜா பகதூர் சிங் கட்டினது. உள்ளே ஒரு பெரிய பாறை. வெளியே கொஞ்ச தூரத்தில் ஒரு மரம்தான் கடோத்கசனுக்குக் கோயில், அதில் மிருகக் கொம்புகள் கட்டியிருக்கும். வாசலில் பஞ்சு மூட்டை மாதிரி முயலை வைத்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள், காசு கொடுத்தால் கையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அம்மா ஸ்வெட்டர் மேல் புடவை, குரங்குக் குல்லா, கையில் முயலோடு நிற்கிற போட்டோ இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. குலு ராஜ வம்சத்துக்கு இடும்பி பாட்டி முறை. அவள் பல்லக்கில் வந்து சேராமல் அங்கே தசரா தொடங்காது. அந்த ஊரில் அவ்வளவு மரியாதை.

பொங்கல் முடிந்து திரும்பி வந்து ஸ்த்ரீ பர்வத்தைத் திறந்தேன். போர்க்களம் முழுக்கப் பெண்கள், காந்தாரி ஒவ்வொரு உடம்பாகக் காட்டிக் காட்டி அழுகிறாள். தர்மர் எல்லோரையும் எரிக்கச் சொல்கிற இடத்தில் நீளமான பெயர்ப் பட்டியலில் கடோத்கசன் பெயரும் வருகிறது. இடும்பியை அங்கே நான் பார்க்கவில்லை. பாண்டவர் வீட்டுக்கு முதலில் வந்த மருமகள் அவள்தான், பாஞ்சாலிக்கும் முன்னால். பையன் பிறந்தபோது நீதான் ஐந்து பேருக்கும் மூத்த பிள்ளை, நீ உதவியாக இருக்கணும் என்று குந்தியே அவனிடம் சொல்லியிருக்கிறாள். காரியம் இருந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வடக்கே போனான். அன்றிலிருந்து பீமன் மனதில் நினைத்தால் போதும், எதிரே வந்து நிற்பான். அப்படித்தான் பாஞ்சாலியைத் தூக்கிக்கொண்டு போகவும் வந்தான், சாகவும் வந்தான்.

எனக்கு வேண்டிய முடிச்சு அதற்குள்தான் இருந்தது. அம்மாவும் நினைத்திருப்பாள் இல்லையா? எல்லா அம்மாவும்தான் நினைக்கிறாள். அவள் நினைத்தபோதும் வந்து நின்றிருப்பான். ஒரு ராத்திரி நினைக்கிறாள், வரவில்லை.

ஷீட்டை மூடினேன், பழைய 140 பக்கத்தையும் தூக்கி ஒரு ஃபோல்டரில் போட்டேன். புது நாவல் போர் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. மாயம் என்று பார்த்தால் அந்த ஒன்றுதான், நினைத்தால் வருவது. சேதி சொல்ல யார் போவது என்று ரொம்ப யோசித்தேன். பீமனை அனுப்பினால் அழுது ஊரைக் கூட்டுவான். சகாதேவன் எல்லாம் தெரிந்தவன், அதனாலேயே சரிவராது. பாஞ்சாலி போகிறாள். தன் ஐந்து பிள்ளைகளையும் 18-ம் நாள் ராத்திரி தூக்கத்திலேயே பறிகொடுத்தவள். அன்றைக்கு அவன் தோளில் போன மலைப்பாதையில் இன்றைக்கு நடந்து போகிறாள், எங்கே எல்லாம் அவன் குனிந்து மரக்கிளையை விலக்கினான் என்று ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. இந்த நடையை மட்டும் 30 பக்கம் எழுதியிருக்கிறேன், எழுதினதில் எனக்கே பிடித்த 30 பக்கம்.

அவள் குகை வாசலுக்கு வந்து சேர்ந்ததும் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பேரும் பேச வேண்டும். சக்களத்திகள், இரண்டு பேரும் பீமனைக் கட்டினவர்கள், இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. இடும்பி "தெரியும், கூப்பிட்டேன், வரலை" என்கிறாள். அதற்குப் பாஞ்சாலி என்ன சொல்வாள்? எட்டு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், எல்லாமே மேடை வசனம் மாதிரி இருந்தது. கிருஷ்ணன் சொன்ன அந்த வரியை இவள் வாயால் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு தடவை முயற்சி செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள். "எழவு வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு யாருடி இவ்வளவு பேசறா? உள்ள போகச் சொல்லு அவளை."

வசனம் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். இரண்டரைப் பக்கம்.